காட்சிக்கூடத் தரையில் கொழுந்து

காட்சிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் படம் மாட்டும் விதத்தை நான் எழுதப்போவதில்லை. சில நாட்கள் ஏணியில் நின்றால் அதைக் கை கற்றுக்கொண்டுவிடும். விளக்கை எந்தப் பக்கம் திருப்புவது, பெட்டியை எப்படித் திறப்பது எல்லாம் அப்படித்தான். செய்த வேலை கண் முன்னால் கெட்டுப்போய், ஆட்கள் சுற்றி நின்று உங்கள் முகத்தைப் பார்க்கும்போது என்ன செய்வது என்பதை மட்டும் கை கற்றுத்தராது. நான் அதைப் பார்த்தது பதுளையில், நம் பல்கலைக்கழகத்துக் கீழ்மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு மறுநாளும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்பா மலையில் விழுந்து முதுகு போனதால் முடிந்தது என்று சொல்வேன். அவர் விழாமல் இருந்திருந்தாலும் நான் ஓடித்தான் போயிருப்பேன். லொறியில் கிளீனர், கொழும்பில் விளம்பரப் பலகை கட்டுகிறவன், வவுனியாவில் கல்யாணப் பந்தல் போடுகிறவன், பண்டாரவளையில் கண்ணாடிக் கடையில் சட்டம் அடிக்கிறவன் என்று எல்லாம் இருந்தேன். பல இரவு பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன், ஒருமுறை டைபாய்டு வந்து யாரும் தெரியாத ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறேன். அதனால் எழுத வராவிட்டாலும் சிங்களமும் இங்கிலீசும் பேச வந்தது. காட்சிக்கூடத்துக்குச் சட்டம் கொண்டுவந்து இறக்கியபோது, அங்கே பொறுப்பாக இருந்த மேடம், ஏணியைப் பிடிக்க ஆள் இல்லை, கொஞ்சம் நிற்பீர்களா என்று கேட்டார். பணி ஓய்வு பெறும்வரை நின்றேன்.

மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியானவர், சத்தமாகப் பேசமாட்டார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் காட்சியானாலும், அது யாருடைய வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டதோ அவர்களுக்குத்தான் முதலில் காட்டவேண்டும். பெரியவர்கள் வந்து குத்துவிளக்கேற்றுவதெல்லாம் பிறகு. மீன்பிடிக்கிறவர்களைப் பற்றிய படங்கள் வந்தபோது மட்டக்களப்பிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிவந்தார். நான் வேலை செய்த வேறெந்த இடத்திலும் இப்படிப் பார்த்ததில்லை.

அந்த வருடம் கடைசி ஆண்டு மாணவர்களில் புவனா என்று ஒரு பெண் இருந்தாள். லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டம். அப்பா இல்லை, அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர். கடைசி ஆண்டுப் படைப்பில் தேறாவிட்டால் இன்னொரு வருடம் இருந்து திருப்பிச் செய்யவேண்டும். அவளுக்கு இன்னொரு வருடம் இருக்க வழியில்லை. பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். தேறினால் பட்டம், தவறினால் துணிக்கடை. இதை அவளே ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது மழை வரும்போல இருக்கிறது என்கிற குரலில் என்னிடம் சொன்னாள்.

அவள் செய்தது இதுதான். பசறையில் ஒரு சிறுதோட்டக்காரரிடம் பச்சைக் கொழுந்து சாக்குச் சாக்காக வாங்கி வந்து, கீழ்மண்டபத் தரை முழுக்க, தான் பிறந்த தோட்டத்து டிவிஷனை அப்படியே போட்டாள். தொழிலாளர் குடியிருக்கும் லய வரிசைகள் கொழுந்தால் கட்டிய கரைகள் மாதிரி நின்றன. நடுவில் வெறும் சிமெந்துத் தரை ஒற்றையடிப் பாதையாக ஓடியது. தண்ணீர்ப் பீலி, மாரியம்மன் கோயில், குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் எல்லாம் இருந்தன. லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் ஒற்றை அறைதான் காம்பரா; ஒவ்வொரு காம்பராவையும் தனித்தனியாக, உள்ளங்கையால் தட்டி அழுத்திக் குவித்திருந்தாள். ஜன்னல்களைச் சாத்தச் சொன்னாள். அப்படி அழுத்திக் குவித்தால் கொழுந்து தானாகவே சூடேறும், பச்சை போய்ச் சிவக்கும், வாசனை மாறும். காட்சி நடக்கும் பத்து நாளும் தோட்டம் கண் முன்னால் சிவந்துகொண்டே போகவேண்டும். அதுதான் படைப்பு.

அம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். ஒரு வேலை செய்திருக்கிறேன், வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கொழுந்தெடுத்து வளர்த்த அம்மாவிடம், நல்ல கொழுந்தை வேண்டுமென்றே கெடப்போட்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை புவனாவின் தோட்டத்திலிருந்து பஸ் வந்தது. தோட்டத்துப் பெண்கள்தான் அதிகம். எல்லோரும் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லியும் செருப்பை வாசலில் கழற்றி வரிசையாக வைத்தார்கள். மேடம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். கொழும்பிலிருந்து பரீட்சகர் ரயிலில் வருகிறார். வேறொரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், சிங்களவர், புள்ளி போடப்போகிறவர் அவர்தான். புவனாவும் நானும் வந்தவர்களை, படைப்பைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, பின்னால் போய்த் தேத்தண்ணித் தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தோம்.

திரும்பி வந்தபோது கயிற்றுக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை.

எல்லோரும் உள்ளே இருந்தார்கள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் கொழுந்தை அள்ளி உதறி, காற்றுப் படும்படி பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முற்றல் இலையையும் காம்பையும் பொறுக்கித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஜன்னல்களையும் திறந்துவிட்டிருந்தார்கள். பேச்சே இல்லை. வேலை அவ்வளவு வேகமாக நடந்தது. லயங்களைக் காணோம், கோயிலைக் காணோம். கடைசியாக மிஞ்சியிருந்த பெரட்டுக்களத்தை ஒரு கிழவி கலைத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தோட்டத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்கமாட்டார்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கயிற்றுக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்திருப்பார்கள். இவர்களுக்குக் கயிறு கண்ணில் படவில்லை. அவிகிற கொழுந்தின் வாடை மூக்கில் ஏறியதும் கை தானாகப் போயிருக்கிறது.

தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு சத்தம் போடக் கயிற்றைத் தாண்டினேன். புவனா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். நடுவில் நின்ற அவள் அம்மா நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

"ஏன் புள்ள, கொழுந்த இப்புடியா அமுக்கி குமிச்சு வைப்பாங்க? அடியில கைய வைக்க முடியல, அம்புட்டு சூடு. நல்ல வேள, நாங்க வந்தோம்."

பக்கத்தில் நின்ற செல்லம்மா என்ற பெரிய உடம்புக்காரி, இவ பள்ளிக்கொடத்துக்குப் போனதுல கொழுந்த மறந்துட்டா என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மகள் வாங்கிவைத்த பொருளைக் காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷம் அது. புவனா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. முகத்தில் இரத்தம் வற்றிப்போயிருந்தது. அதைப் பார்த்துத்தான் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள்.

அப்போது கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் ஓடிவந்தார். மேல்மாடத்தில் நின்று எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்திருக்கிறார். நல்ல மனுஷன், புவனா தேறவேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தவர். அவளை ஓரமாகக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டினார்.

"பாரு புவனா, எவ்வளவு அழகா இருக்கு. இதுதான் என் படைப்புன்னு சொல்லு. அம்மாமார் வந்து கலைக்கிறதுவரைக்கும் நீயே யோசிச்சு வச்சதுன்னு சொல்லு. பரீட்சகர் சேருக்கு இந்த மாதிரி ரொம்பப் பிடிக்கும்."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வீடியோ அவ்வளவு நன்றாக இருந்தது. அந்தக் கைகளை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

மேடம் வந்தார். பரீட்சகரைத் தன் அறையில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, முதலில் தான் மட்டும் வந்தார். மண்டபத்தைப் பார்த்தார். யார் விட்டது, யார் செய்தது என்று ஒன்றும் கேட்கவில்லை. யாரும் வழுக்கி விழவில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். விரிவுரையாளர் தன் யோசனையைச் சொன்னார். மேடம் முழுவதையும் கேட்டுவிட்டு, சொன்னால் நன்றாகத்தான் இருக்கும் என்றார். பிறகு புவனாவைப் பார்த்தார்.

"முடிவு உம்மடை. நீர் எதைச் சொன்னாலும் நான் பக்கத்திலை நிப்பன். ஆனா ஒண்டு. அவர் கேக்கேக்கை உம்மடை அம்மாவும் இஞ்சைதான் நிப்பா. நீர் சொல்லுறதை அண்ணை அவவுக்குத் தமிழிலை சொல்லுவார்."

அண்ணை என்றது என்னை. அவ்வளவுதான் சொன்னார். பிறகு போய்ப் பரீட்சகரைக் கூட்டிவந்தார்.

நெருக்கடியில் பொறுப்பாளர்கள் செய்வதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சிலர் கத்துவார்கள். சிலர் மூடி மறைப்பார்கள். நல்லவர்கள் எல்லாவற்றையும் தாங்களே தீர்த்துவைத்துவிடுவார்கள். மேடம் எதையும் தீர்த்துவைக்கவில்லை. யார் காதில் அந்த வார்த்தை விழும் என்பதை மட்டும் அவளுக்கு ஞாபகப்படுத்தினார். ஒரு பொய்யைச் சொல்வதற்கு முன்னால் அது யாருக்கு முன்னால் சொல்லப்படுகிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

பெண்கள் இதற்குள் சுவரோரமாக வரிசையாக நின்றுவிட்டார்கள், காலையில் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி. ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. என்ன பிழை என்று தெரியவில்லை. புவனாவின் அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பரீட்சகர் வயதானவர், தடித்த கண்ணாடி. தரையைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த விளக்கத்தைப் படித்தார், மறுபடியும் தரையைப் பார்த்தார். இது நீங்கள் திட்டமிட்டதா என்று சிங்களத்தில் கேட்டார்.

புவனா இல்லை என்றாள். தான் செய்தது காலையில் இங்கே இருந்தது, அம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன், அவர்கள் கொழுந்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கலைத்துவிட்டார்கள் என்றாள். விரிவுரையாளர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் தமிழில் சொன்னேன். பத்து நாள் கிடந்து கொழுந்து கெட்டுச் சிவக்கவேண்டும் என்றுதான் இவள் குவித்துவைத்தாள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"கெட்டுப்போகவா?" என்றார் செல்லம்மா. "கொழுந்தா?"

அம்மா செல்லம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். "எதுக்கு?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது பரீட்சகருக்குச் சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும். புவனா தரையைக் காட்டினாள்.

"இப்புடியா அமுக்கி வைப்பாங்கன்னு கேட்டீங்கல்லம்மா. நம்மள அப்புடித்தானேம்மா வச்சிருக்காங்க. ஒரு காம்பராவுல தாத்தா, நீங்க, சித்தி, நாங்க எல்லாம். கொழுந்து சூடாயிருச்சுன்னா ஒடனே ஓடி வந்து கெளறி விடுறீங்க. நம்மள யாரு வந்து கெளறி விட்டா?"

பரீட்சகர் என் பக்கம் திரும்பினார். நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இளகிவிட்டார், புள்ளியை அள்ளிப் போடப்போகிறார் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. தரையில் இல்லாத படைப்புக்குப் புள்ளி போட என்னால் முடியாது என்றார். சொன்னதற்காகவும் போடமுடியாது, படம் பிடித்ததற்காகவும் போடமுடியாது. நாளை வேறு மாணவர்களுடையதைப் பார்க்க இங்கேதான் இருக்கிறேன், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வருவேன், அப்போது தரையில் என்ன இருக்கிறதோ அதற்குப் போடுகிறேன். தரையில் அடுக்கும்போது மாணவியின் கை தவிர வேறு கை அதில் படக்கூடாது.

அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம். இன்றைக்கு இல்லை. இரக்கப்பட்டுப் போடும் புள்ளியை அவள் வாழ்நாள் முழுக்கச் சுமக்கவேண்டியிருந்திருக்கும்.

ஆனால் கொழுந்துக்கு எங்கே போவது? கலைத்தது வாடத் தொடங்கிவிட்டது. பசறைத் தோட்டக்காரருக்குப் போன் போட்டேன். கொழுந்து செடியில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுக்க ஆள் இல்லை என்றார். அதைப் பெண்களிடம் சொன்னபோது செல்லம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"ஆள் இல்லையாமா? அப்ப நாங்க யாரு?"

அவர்கள் திரும்பிப் போகும் பஸ்ஸைப் பசறையில் நிறுத்தினோம். நல்ல சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூடை இல்லாமல் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு, அத்தனை பேரும் மலையில் ஏறினார்கள். வாரம் முழுக்க எடுத்துவிட்டு, கிடைத்த ஒரு லீவு நாளில் மறுபடியும் கொழுந்து. அதுவும் கெடப்போட. செல்லம்மா நிரையின் அந்தப் பக்கத்திலிருந்து, "முத்தல் எல எடுக்காதீங்கடி, கெடுத்துப் போடுறதுக்கு நல்லதாத்தான் வேணுமாம்" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். காலையில் சிரித்த சிரிப்பு இல்லை இது. எனக்கு அதைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மழைக்கு முன்னால் சாக்குகள் நிறைந்துவிட்டன. அவர்கள் லுணுகலைக்குப் பஸ் ஏறினார்கள், நான் சாக்குகளோடு பதுளைக்குத் திரும்பினேன்.

அம்மா மட்டும் அவர்களோடு போகவில்லை, என்னோடு வந்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் பேரும் அந்த நாள் சம்பளமும் போகும். போகட்டும் என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் புவனா தொடங்கினாள். தனியாக. நான் சாக்குகளைக் கயிறுவரை கொண்டுபோய் வைத்தேன், உள்ளே போகவில்லை. மேடம் காலையில் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி, மடியில் வைத்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் எடுத்த கொழுந்து, இரவெல்லாம் சாக்கில் இருந்தது, கொட்டும்போதே சூடாக இருந்தது. வாடை எனக்கே வந்தது. அவருக்கு எப்படி வந்திருக்கும். மகள் ஒவ்வொரு காம்பராவாக அமுக்கிக் குவிக்கக் குவிக்க, முந்தானைக்குள் விரல்கள் அசைவது தெரிந்தது. ஒருமுறை நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தார். எத்தனையோ பெரிய கலைஞர்கள் வேலை செய்வதை இந்த மண்டபத்தில் பார்த்திருக்கிறேன். அந்த நாற்காலியில் நடந்த வேலைக்கு இணையாக ஒன்றையும் பார்த்ததில்லை.

பரீட்சகர் சொன்னபடி வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், குனிந்து முகர்ந்தார், ஒரு வார்த்தை பாராட்டாமல் போனார். அவள் தேறினாள். முதல் வகுப்பு இல்லை. அந்த வருடம் உதவி விரிவுரையாளர் இடம் வேறொரு பையனுக்குப் போனது, அவனும் நன்றாகச் செய்கிறவன்தான். புவனா இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறாள், லீவில் தன் வேலையைச் செய்கிறாள். துணிக்கடைக்குப் போகவில்லை.

இனிமேல் காட்சி தொடங்குமுன் இப்படி ஆட்களைக் கூட்டிவர வேண்டாம் என்று விரிவுரையாளர் பிறகு ஒரு கூட்டத்தில் சொன்னார். மேடம் அதற்கு இணங்கவில்லை. கூட்டி வருவோம், வருகிறவர்களோடு முதலில் பேசுவோம் என்றார். அந்த வேலை எனக்கு வந்தது, இப்போது உங்களுக்கு வருகிறது. கயிறு கட்டுவது சுலபம். அதற்கு முன்னால், இதைப் பார்க்க வருகிறவரின் கை எங்கே போகும் என்று யோசியுங்கள். அப்படி யோசித்தும் ஒருநாள் தவறும். தவறும்போது அழகான கதை ஒன்று உடனே உங்கள் கையில் வந்து விழும். அதை எடுத்துக்கொள்ள அவசரப்படாதீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை பரீட்சகர் போனதும் மண்டபத்தில் நாங்கள் மூன்று பேர்தான். புவனா கயிற்றைக் கழற்றினாள். கையெல்லாம் கொழுந்துக் கறை. அம்மாவிடம் வந்து, "முடிஞ்சிருச்சும்மா. இனி நீங்க கெளறி விடலாம்" என்றாள்.

அம்மா முந்தானையை அவிழ்த்துக் கையை எடுத்தார். மெதுவாக உள்ளே போய், வரிசையில் தங்கள் காம்பரா எது என்று கேட்டார். புவனா காட்டினாள். குனிந்து, காய்ச்சல் பார்ப்பது மாதிரி உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"சூடாத்தான் இருக்கு" என்றார். கையை எடுத்தார். ஓர் இலைகூட நகரவில்லை. "கெடக்கட்டும். பத்து நாளு கெடக்கணும்னு சொன்னேல்ல."

பிறகு எழுந்துபோய், முந்தின நாளிலிருந்து திறந்தே கிடந்த ஒரு ஜன்னலைச் சாத்தினார்.